முப்பத்துமூன்றாவது வெள்ளை

எங்கள் ஊர்க் கோயில் மதிலில் முப்பத்திரண்டு வெளிச்சங்கள் ஒட்டிக்கொண்டது எந்த வருஷம் என்று தொட்டிக்காட்டுப்புதூரில் யாரைக் கேட்டாலும் வருஷத்தைச் சொல்லமாட்டார்கள், நாகமணியிடமிருந்து முதல் சாலைப் பிடுங்கிக் கோமளாவிடம் கொடுத்த வருஷம் என்றுதான் சொல்வார்கள், அந்த நாகமணி நான்தான்.

மல்லிகைச் செடி வரிசையை நாங்கள் சால் என்போம். கிழக்கு வேலியை ஒட்டிய முதல் சாலில் இறங்குகிறவள்தான் அன்றைக்கு முதல் மொட்டைக் கிள்ள வேண்டும், கிள்ளியதை மடியில் போடாமல் செடியின் தூரில் வைத்து மாகாளியம்மனை நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற முப்பத்தொரு பேரின் கையும் செடியில் படலாம். பதினாறு வருஷம் அந்த முதல் கை என்னுடையது. காய்ச்சலோடும் இறங்கியிருக்கிறேன், என் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டும் இறங்கியிருக்கிறேன். எனக்குப் படிப்புக் கிடையாது, கழுத்தில் கிடப்பது கவரிங், வீட்டில் நான் சொன்னால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது, ஆனால் விடிவதற்கு முன்னால் முப்பத்தொரு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அது ஒன்று போதும் என்று இருந்தேன்.

கோமளா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் சென்னியப்பனின் தம்பி ஈஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களும் இருக்கிறோம். அவள் ரசத்துக்குத் தாளித்தால் வாசம் என் அடுப்படிக்கு வரும், என் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வரும். வேண்டுமென்றேதான் அந்த நேரம் பார்த்துத் தாளிக்கிறாள் என்று நான் நினைப்பேன்.

அந்த வருஷம் வரைக்கும் ஆளுக்கொரு விதமான லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டுதான் பூ எடுத்தோம், சிலர் செல்போனை வாயில் கவ்விக்கொண்டும் எடுத்தார்கள். அந்தப் பங்குனியில்தான் தோட்டத்துக்காரர் மனசு வைத்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி நெத்தி லைட்டு ஒரு பெட்டி நிறைய வாங்கி அனுப்பினார். மேஸ்திரி மாரப்பண்ணன் எடை போடுகிற சாளையில், அந்தக் கொட்டகையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்.

"மூத்தவங்க மொதல்ல எடுங்கொ. ஒரே பொட்டி, ஒரே கம்பெனி, எல்லாம் ஒண்ணுதான், அடிச்சுக்கப்படாது" என்றார்.

நான்தான் முதலில் கையை விட்டேன். என் கைக்கு வந்த லைட்டின் பிளாஸ்டிக் கவர் ஓரத்தில் கிழிந்திருந்தது. பதினாறு வருஷம் முதல் சாலில் இறங்கினவள் கிழிந்த கவரையா வாங்குவாள்? அதைப் பக்கத்தில் நின்ற கோமளாவின் கையில் திணித்துவிட்டு, கவர் கிழியாத வேறொன்றை எடுத்துக்கொண்டேன். அவள் வாங்கிக்கொண்டாள். இதை நீங்கள் மறக்கக் கூடாது, நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

பத்து நாள் போனது. பூ மார்க்கெட்டிலிருந்து புகார் வந்தது. இன்றைக்கு மலரப்போகிற மொட்டு பால் வெள்ளையாக இருக்கும், நாளைக்கு மலர வேண்டியதில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும், அந்தப் பச்சையைக் கிள்ளிவிட்டால் அது எந்தக் காலத்திலும் மலராது, அப்படியே சுருண்டுபோகும். எங்கள் தோட்டத்துக் கூடையில் பச்சை மொட்டு கலந்து வருகிறது என்றார்கள். மாரப்பண்ணன் ஒவ்வொரு மடியாகக் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நாகமணி, பச்சையெல்லாம் உன்ர மடியிலதான் கெடக்குது. கண்ணு கிண்ணு மங்கிப்போச்சா?"

"என்ர கண்ணுக்கு என்னங்ணா? ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்கொ, இப்பவே கோத்துக் காட்டறேன்."

"கோமளா மடியப் பாரு. ஒண்ணு, ஒரே ஒண்ணு பச்சை எடுத்துக் காட்டு பாக்கலாம்."

நான் பார்த்தேன். கொட்டி வைத்த உப்பு மாதிரி இருந்தது. அப்போது அந்த மகராசி வாயைத் திறந்து, "அக்கா மேல தப்பிருக்காதுங்ணா, லைட்டுல ஏதாச்சும் வித்தியாசம் இருக்குமுங்" என்றாள். எனக்காகப் பரிந்து பேசினாளாம். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சரி, பார்த்துவிடுவோம் என்று அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் முப்பத்திரண்டு பேரும் மாகாளியம்மன் கோயிலுக்குப் போனோம், ஏனென்றால் நோம்பித் திருவிழாவுக்காக இரண்டு நாள் முன்னால்தான் மதிலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள், ஊரில் அதைவிட வெள்ளையான சுவர் வேறு இல்லை. மதிலுக்கு எதிரே வரிசையாக நின்றோம். ஒவ்வொருத்தியும் தன்னுடையதுதான் சுத்த வெள்ளை என்று சத்தியம் பண்ணினாள், நானும் பண்ணினேன். மாரப்பண்ணன் ஒன்று, இரண்டு, மூன்று என்றார், எல்லாரும் ஒரே நேரத்தில் லைட்டைப் போட்டோம்.

முப்பத்திரண்டு வட்டம் விழுந்தது, முப்பத்திரண்டும் வெள்ளை, ஒரு வெள்ளைகூட இன்னொரு வெள்ளை மாதிரி இல்லை. அரிசி களைந்த தண்ணீரின் வெள்ளை ஒன்று, புளித்த மோரின் வெள்ளை ஒன்று, நீலம் அதிகமாகப் போட்ட வேட்டியின் வெள்ளை ஒன்று, பழைய தலையணை உறையின் வெள்ளை ஒன்று, இப்படியே போய்க்கொண்டிருந்தது வரிசை. என்னுடையது பாகற்காய் வேகவைத்து இறுத்த தண்ணீர் மாதிரி பச்சை ஓடிக் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே கோமளாவின் வட்டம். பிறந்த குழந்தையின் உள்ளங்கால் வெள்ளையாகவும் இருக்கும், ரோஜாவாகவும் இருக்கும் இல்லையா, அந்த நிறம். கிழிந்த கவர் லைட்டு. நான் தொட்டு, நான் எடுத்து, நான் அவள் கையில் திணித்த லைட்டு.

போதும் என்று எல்லாரும் லைட்டை அணைத்தோம். வட்டங்கள் அணையவில்லை. மதிலில் அப்படியே எரிந்துகொண்டு நின்றன.

ஒருத்தரும் அலறவில்லை. சுண்ணாம்பு இன்னும் காயாமல் இருக்கும், அதனால்தான் ஒட்டிக்கொண்டது என்றாள் ஒருத்தி, மாவு புளித்துப்போகும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள் இன்னொருத்தி. மறுநாள் காலையில் வெயில் வந்த பிறகும் வட்டங்கள் எரிந்தன. பூசாரி இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்தார், குழம்பில் எண்ணெய் மேலே வருவதுபோல அவை சுண்ணாம்புக்கு மேலே வந்துவிட்டன. "சரி, கரண்ட்டு மிச்சம்" என்று அவர் மதில்பக்கம் எரிந்த குழல்விளக்கைக் கழற்றிக் கருவறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார், அத்தோடு அந்த ஆச்சரியம் முடிந்தது.

என் கதை முடியவில்லை. "மொதல் சால்ல இனிமே கோமளா எறங்கட்டும்" என்று மாரப்பண்ணன் சொல்லிவிட்டார். எனக்கு வேறு லைட்டு கொடுங்கள் என்று கேட்டேன், இல்லையென்றால் யாராவது மாற்றிக்கொள்ளட்டும் என்று கேட்டேன். மதிலைப் பார்த்த பிறகு எவள் மாற்றிக்கொள்வாள்?

"அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு. அம்மன் சுவத்துலயே காட்டிக் குடுத்தாச்சு, இனி ஆரும் மாத்தப்படாது. மாத்த ஆரம்பிச்சா காட்டுல மசுரப் புடிச்சுத்தான் நிப்பீங்க" என்றார்.

மறுநாள் விடிகாலையில் கோமளா முதல் சாலில் இறங்கிக் குனிந்து முதல் மொட்டைக் கிள்ளினாள். அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்ற முப்பத்தொரு பேரில் நானும் ஒருத்தியாக நின்றேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, பொறாமை என்பது மனசில் வருவதில்லை, தொண்டையில் வருகிறது, எச்சிலை விழுங்க முடியாது.

இதற்குள் ஊர் அந்த வட்டங்களுக்குப் பழகிவிட்டது, பழகியதோடு விடாமல் ஆளுக்கொரு வேலையும் கொடுத்துவிட்டது. வட்டத்துக்கு முன்னால் யார் போய் நின்றாலும் அந்த வெளிச்சம் அவர்கள் மேலே ஒட்டிக்கொள்ளும், குளிக்கிற வரைக்கும் போகாது. அதனால் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் பெண்ணை முதலில் கோமளாவின் வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், மாப்பிள்ளை வீட்டார் விவரமானவர்கள் என்றால் பெண்ணைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிகள் ஒருத்தி விடாமல் அந்த மோர் வெள்ளையில் நின்று குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்று ஒப்பாரி வைத்தார்கள், பிறகு நீல வெள்ளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டு வந்தார்கள். கோமளாவின் வட்டத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வரிசை நின்றது, யாரோ ஒரு தேங்காயும் உடைத்தார்கள். என் வட்டத்துக்கும் ஆட்கள் வராமல் இல்லை. அதில் ஐந்து நிமிஷம் நின்றால் பார்க்கிறவர்கள் பதறும் அளவுக்குச் சீக்காளி முகம் வந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள், வேலைக்கு மட்டம் போட நினைக்கிறவனெல்லாம் என் முன்னால்தான் நின்றான். "நாகமணியக்கா வெளிச்சத்துல நின்னுட்டு வா, லீவு கெடைச்சிரும்" என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது.

எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒரு நாள் காலையில் பூ எடுத்துவிட்டு வரும்போது, என் வீட்டுக்காரர் கோமளாவின் வட்டத்துக்கு முன்னால் கண்ணாடியை மதில் ஓட்டையில் சொருகி வைத்துக்கொண்டு சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். வாயில் பாட்டு வேறு. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் எனக்காகப் பாடியது கிடையாது.

"ஏனுங்க, நம்மூட்டுல கண்ணாடியில்லீங்களா?" என்றேன்.

"இங்க நல்லா தெளிவா தெரியுது புள்ள. நாலு பேரு பண்றாங்க, நானும் பண்றேன், அதுக்கு என்ன இப்போ?" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். முப்பது வயது ஆள் மாதிரி இருந்தார். தம்பி பொண்டாட்டி வெளிச்சம் என் புருஷன் முகத்தில் ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டது. போய்க் குளியுங்கள், குளியுங்கள் என்று நான் கத்தினேன்.

அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். அந்த லைட்டு என்னுடையது, என் கைக்கு முதலில் வந்தது, எனக்கு அது வேண்டும், அதோடு என் முதல் சாலும் வேண்டும்.

எடை போட்டு முடிந்ததும் லைட்டுகளையெல்லாம் சாளையில் ஒரு பலகையில் வரிசையாக அடித்திருந்த ஆணிகளில் மாட்டி, ஒயரைச் சொருகி சார்ஜுக்குப் போட்டுவிட்டுத்தான் போவோம். யார் ஆணி எது என்பதுதான் அடையாளம், மற்றபடி முப்பத்திரண்டும் ஒரே முகம். சோறு கொண்டுவந்த போசியை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு நான் திரும்பிப் போனேன். வழியில் எதிரே கோமளா தனியாக வந்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனாள். இவளுக்கு வந்த திமிரைப் பார் என்று நினைத்தேன். சாளையில் ஒருவரும் இல்லை. அவள் ஆணியில் இருந்ததை என் ஆணியில் மாட்டினேன், என் ஆணியில் இருந்ததை அவள் ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் விடிகாலையில் அந்த லைட்டை நெற்றியில் கட்டிப் போட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் விழுந்த வெளிச்சம் என்னவோ வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது, அவரவர் நெற்றியில் இருக்கும்போது எல்லா வெளிச்சமும் வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் என்ன, இது அதுதான் என்று எனக்குத் தெரியுமே. இரண்டு கையாலும் எடுத்தேன். பதினாறு வருஷத்தில் அப்படி வேகமாக நான் எடுத்ததே இல்லை. மாரப்பண்ணன் என் மடியைக் கொட்டிக் கிளறினார்.

மூன்றில் ஒரு பங்கு பச்சை.

"இன்னைக்கோட சரி நாகமணி. நாளையிலிருந்து நீ மல்லிக்காட்டுக்குள்ள வர வேண்டாம், பொறவு பாக்கலாம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மெதுவாகச் சொன்னார். அடுத்து கோமளாவின் மடியைக் கொட்டினார்கள், வழக்கம்போல உப்பு. எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அவள் மட்டும் பேயறைந்ததுபோல அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படியானால் கோளாறு லைட்டில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது, என் கண்ணே பச்சையாகிவிட்டது. இந்த நினைப்போடு நான் லைட்டை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் கோயிலுக்கு நடந்தேன். அந்த நேரத்தில் மதில் பக்கம் ஆள் இருக்காது. ஆனால் கோமளா இருந்தாள். கையில் லைட்டை வைத்துக்கொண்டு என் பச்சை வட்டத்தின் மேல் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அடித்த வெளிச்சம் மதிலில் உறைந்துபோன என் வட்டத்தோடு கலக்காமல் குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் தனியாக நின்றது.

"இங்க என்ன புள்ள பண்ற?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். என் முந்தானைக்குள் இருந்ததைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தானுங்க்கா."

நான் என் லைட்டை என் வட்டத்தில் அடித்தேன். வட்டத்துக்குள் வட்டம் கரைந்து ஒன்றாகிப்போனது. பாகற்காய்த் தண்ணீர். என் பழைய லைட்டேதான். நான் மாற்றி மாட்டியது எப்படி என்னிடமே திரும்பி வந்தது என்று யோசித்தபோதுதான், நேற்று வழியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது.

"நேத்து எனக்கு முன்னாலயே நீ மாத்திட்டயா?"

"மாத்தினனுங்."

"எதுக்குடி? ஊரே உன்ர வெளிச்சத்துலதான வந்து நிக்குது? மொதல் சாலும் உனக்கு, தேங்காயும் உனக்கு, என்ர வெளிச்சத்துல உனக்கு என்ன வெச்சிருக்குது?"

அவள் அழவில்லை, கத்தினாள். "ஊரு நின்னா எனக்கென்ன? வர்றவங்க அவங்கவங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறாங்க, என்னைய ஆரு பாத்தா? அன்னைக்கு நல்ல கவர நீங்க எடுத்துக்கிட்டு கிழிஞ்சத என்ர கையில திணிச்சீங்கல்ல, அப்பவே தெரியும் எனக்கு, நல்லதத்தான் அக்கா வெச்சுக்கிட்டாங்கன்னு. காட்டுல நீங்க போற சாலப் பாத்தா நாத்தங்கால் மேல நெலா அடிச்சாப்பல இருக்குது. என்ர முன்னால பாத்தா வெறும் வெள்ள. மொதல் சால்ல நின்னாலும் நான் உங்க சாலத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன், போதுமா?"

என் வாழ்க்கையில் என்மேல் ஒருத்தி பொறாமைப்பட்டாள் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. இனித்துக்கொண்டிருக்கும்போதே, திருடுவதில்கூட இவள் எனக்கு முந்திக்கொண்டாளே என்று எரிந்தது. "உன்னய வெச்சுக்கிட்டு" என்று நான் ஒரு எட்டு முன்னால் போக, "தொட்டுப் பாருங்க" என்று அவள் ஒரு எட்டு வர, இரண்டு பேர் கையிலும் எரிந்துகொண்டிருந்த லைட்டுகள் ஒன்றாகச் சாய்ந்து மதிலில் காலியாக இருந்த ஓர் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

பச்சையும் இல்லை, ரோஜாவும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு வெள்ளை மட்டும் அங்கே மிச்சம் நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மதிலில் இருந்த முப்பத்திரண்டில் ஒன்றுகூட வெள்ளை இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. என் மடியில் காலைப் பூ கொஞ்சம் மிச்சமிருந்தது, எடுத்து அந்த வெளிச்சத்தில் நீட்டினேன். பச்சை மொட்டுகள் வெள்ளை மொட்டுகளுக்கு நடுவே நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தனித்தனியாக நின்றன. கோமளா குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது, அவள் என் நரையைப் பார்த்தாள். லைட்டை அணைத்தோம். அந்த வெள்ளையும் மதிலை விட்டுப் போகவில்லை.

சாயங்காலம் ஊர் கூடிவிட்டது. முப்பத்துமூன்றாவது வட்டத்தைச் சுற்றி நின்றுகொண்டு, "இது ஆரோட வெளிச்சம்?" என்று கேட்டார் மாரப்பண்ணன்.

"என்னுது" என்றேன் நான். "என்னுது" என்றாள் அவள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

அவர் எங்கள் இரண்டு பேரையும் லைட்டு போடச் சொல்லிப் பார்த்தார், பச்சை மொட்டு ஒன்றை வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அப்ப மொதல் சால்ல இந்தப் பக்கம் நீ எறங்கு, அந்தப் பக்கம் அவ எறங்கட்டும். ரெண்டு வெளிச்சமும் ஒரே செடியில விழோணும்" என்றார். அதைவிட அவர் என்னை மல்லிக்காட்டை விட்டே துரத்தியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

அந்த முப்பத்துமூன்றாவது வட்டத்தில் இன்றுவரை ஒருத்தரும் போய் நிற்பதில்லை. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நாள் கண்ணாடியோடு போனார், பாதி சவரத்தில் திரும்பி வந்துவிட்டார். "அங்க நின்னா உள்ளதெல்லாம் தெரியுது புள்ள" என்றார். இப்போது வீட்டிலேயே பண்ணிக்கொள்கிறார், பாட்டு மட்டும் நின்றுபோய்விட்டது.

நாங்கள் இரண்டு பேரும் தினமும் விடிகாலையில் ஒரே செடிக்கு எதிரும் புதிருமாக நிற்கிறோம். தூரில் இப்போது இரண்டு மொட்டு வைக்கிறோம், என்னுடையதுதான் பெரியது. ஒரே மொட்டை இரண்டு பேரும் பார்த்தால்தான் வெளிச்சம் சேரும், சேர்ந்தால்தான் பச்சை தெரியும். ஆனால் என்ன செய்வது, அவள் பக்கத்துக் கிளையில்தான் எப்போதும் மொட்டு நிறைய இருக்கிறது, என் நெற்றி தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, அதே நேரம் அவள் வெளிச்சமும் என் கிளையில் வந்து விழுந்துகொண்டிருக்கும், அந்த ஒரு நொடியில் கையில் சிக்கியது பச்சையாகப் போய்விடுகிறது. இன்றைக்கும் எடை போடும்போது என் மடியில் இரண்டு பச்சை இருந்தது. அவள் மடியில் மூன்று. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.